முப்பது தட்டும் ஒரே அளவு

வாஷர்க்காரருக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் முப்பத்தொரு வருஷம் ஓட்டை வெட்டியே கழிந்தது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொழிலே அதுதான். பம்பு, மோட்டார், குழாய் என்று எங்கெல்லாம் இரண்டு இரும்பு சேர்கிறதோ, அங்கெல்லாம் நடுவில் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் ஒழுகும். அந்த வளையங்களை வெட்டுகிற பட்டறையில் அவர்தான் கைதேர்ந்த ஆள். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். முதலாளியே வந்து, "பரவாயில்ல, போகட்டும் விடுங்க" என்றாலும், "போகட்டும், ஆனா என் கையிலேர்ந்து போகாது" என்பார். அவ்வளவு தலைக்கனம். வேலை அப்படிச் சுத்தமாக இருந்ததால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஊரில் உள்ள ஒழுகலையெல்லாம் நிறுத்திய மனிதர், தன் உடம்பில் ரத்தம் ஒழுகியதை எட்டு மாதம் கண்டுகொள்ளவில்லை. மூலம் என்று அவரே முடிவு செய்துவிட்டார். மனைவி இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, உக்காந்தே வேலை பார்த்தா சூடு பிடிக்கும்" என்று பூசி மெழுகினார். அவளும் நம்பிவிட்டாள். கடைசியில் பட்டறையில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அடிக்குடலில் புற்றுநோய். எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் சின்னதாக வெட்டியிருக்கலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டார்.

அடிக்குடலை எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் நுனியைத் தொப்புளுக்கு இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனிமேல் வழி அதுதான். "ரோஜா மொட்டு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க" என்றாள் நர்ஸ். அவர் எட்டிப் பார்த்தார். ரோஜாவும் தெரியவில்லை, மொட்டும் தெரியவில்லை. சிவப்பாக, ஈரமாக, தானாக அசைகிற ஏதோ ஒன்று தெரிந்தது. அதன் மேல் ஒரு பை. பை தோலில் நிற்பதற்கு மெழுகு மாதிரி ஒட்டுகிற ஒரு தட்டு. தட்டின் நடுவில் நாமே அளந்து ஓட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்று மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். "இனிமே எதையும் என்கிட்ட மறைக்கக்கூடாது" என்றாள். "மறைக்கமாட்டேன்" என்றார். அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம்.

நர்ஸ்தான் சங்கத்தின் விலாசத்தைக் கொடுத்தாள். கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. வயிற்றில் பையோடு வாழ்கிறவர்கள், புற்றுநோயைத் தாண்டி வந்தவர்கள், இன்னும் தாண்டிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரும் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே கூடுவார்கள். நன்கொடையாக வருகிற பைகளையும் தட்டுகளையும் வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கொடுப்பார்கள். அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வாஷர்க்காரர் படியேறினார். மேலே ஒரே சிரிப்புச் சத்தம்.

சிரிக்க வைத்தவர் கோர்ட்டு குமாஸ்தா. நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற நேரத்தில், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில், அவருடைய வயிறு "கொர்ர்" என்று நீளமாகக் குரல் கொடுத்ததாம். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்காவது ஆட்சேபணையா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவர் தன் வயிற்றில் இருப்பதற்கு 'வக்கீல்' என்று பேர் வைத்துவிட்டார். அங்கே எல்லோரும் அப்படி ஒரு பேர் வைத்திருந்தார்கள்.

"என்னோடது டிரைவர்" என்றாள் கண்டக்டரம்மா. சங்கத்தை ஓட்டுவது அவள்தான். நாற்பது வயது இருக்கும். ஒன்பது வருஷமாகப் பையோடு கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டு டிக்கெட் கொடுக்கிறவள். "எப்ப கிளம்பும், எப்ப நிக்கும்னு அதுக்குத்தான் தெரியும். நான் விசில் அடிச்சாலும் கேக்காது. உங்களோடதுக்கு என்ன பேருண்ணே?"

"முதலாளி" என்றார் வாஷர்க்காரர், யோசிக்காமலே. "நேரங்காலம் தெரியாம வேலை வைக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் முதல் முறையாக அவரும் சிரித்தார். கிளம்பும்போது கண்டக்டரம்மா பத்துப் பத்தாக மூன்று பெட்டித் தட்டும், வரிசையாக ஓட்டைகள் போட்ட ஒரு அட்டையும் கொடுத்தாள். "இது அளவு அட்டை. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் அளந்துட்டுதான் வெட்டணும். ஒவ்வொரு தடவையும். மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. மதிக்கவில்லை. ஓட்டைக்கு அளவு எடுக்க அவருக்கு அட்டையா? வீட்டுக்கு வந்து தன் கருவியை வைத்து அளந்தார். முப்பத்தாறு மில்லிமீட்டர். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் முப்பத்தெட்டு. மறுநாள் பட்டறைக்குப் போய், உட்கார்ந்தபடியே, முப்பத்தெட்டு அளவில் ஒரு அச்சு செய்தார். முப்பது தட்டையும் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். ஓரத்தில் பிசிறு இல்லை, கோணல் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒரே தட்டு மாதிரி இருந்தது. பட்டறை முதலாளி வந்து பார்த்துவிட்டு, "கம்பெனிக்காரன்கூட இப்படி வெட்டமாட்டான்" என்றார். வாஷர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அளவு அட்டையை இரண்டாக மடித்து, சாப்பாட்டு மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் சொருகினார். மேஜை ஆடாமல் நின்றது.

பத்து நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது.

ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறையில் தட்டைப் பிரித்தார். ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. மிளகு அளவுதான் இருக்கும். துடைத்தார். இன்னொன்று வந்தது.

வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். வெளியே மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாவி எங்கே என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, தானே கண்டுபிடித்து, "வரேங்க" என்று குரல் கொடுத்தாள். "சரி" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது. இதே அளவு, இதே நிறம். போன தடவை அலட்சியம் இருந்தது, இந்தத் தடவை பயம்தான் இருந்தது.

டாக்டரைப் பார்க்க இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது. அதற்குள் நின்றுவிடும் என்று ஒரு மனம் சொன்னது. மூன்று நாள் கழித்துப் பிரித்தபோது மூன்று பொட்டு. அடுத்த தடவை பொட்டு எண்ண முடியவில்லை, ஓரம் முழுக்கச் சிவந்து கிடந்தது. எரிச்சல் வேறு. தட்டு மூன்று நாள் நிற்காமல் இரண்டாவது நாளே ஓரம் விட்டு ஒழுகத் தொடங்கியது. ஒழுகலை நிறுத்துவதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பார்த்து நின்று, யாராவது மூக்கைச் சுளிக்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

மனைவியிடம் சொல்லவில்லை. பாவம், இந்த இருபத்தேழு நாளாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை வேறு. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தார். அந்தப் பயத்துக்கு மனைவியின் நிம்மதி என்று பேர் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

கறைபட்ட பனியன்களை அவரே துவைக்க ஆரம்பித்தார். மனைவி வேலைக்குப் போன பிறகு, நன்றாகக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, கை நோகக் கசக்கி, உள் கொடியில் மற்ற துணிகளுக்குப் பின்னால் உலர்த்தி, அவள் வருவதற்குள் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார். காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது.

பட்டறையிலும் கவனம் போய்விட்டது. ஒரு நாள் நாற்பது வளையம் வெட்டி முடித்த பிறகுதான் உள்வட்டத்தையும் வெளிவட்டத்தையும் மாற்றி அளந்திருப்பது தெரிந்தது. முதலாளியே வந்து கூடையை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நினைப்பெல்லாம் கணக்கில் ஓடியது. மறுபடியும் ஆபரேஷன் என்றால் இன்னும் எவ்வளவு குடல் மிச்சம் இருக்கிறது? அதையும் எடுத்துவிட்டால்? டாக்டர் போன தடவை மாதிரியே பேப்பரைப் புரட்டிவிட்டு, "எப்பலேர்ந்து?" என்று கேட்பார். அப்போது மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கேள்வி வரை வந்ததும் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நோயைவிட அந்த நாற்காலிக்குத்தான் அதிகம் பயந்தார்.

சங்கத்தின் ஒரு கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கும் அதே சாக்கைத் தயாராக வைத்திருந்தார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மனைவி, "நாளைக்குக் கூட்டத்துக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

"பார்க்கலாம்."

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு? வீட்ல உக்காந்து சுவத்தையா எண்ணப்போறீங்க? போயிட்டு வாங்க."

கையை ஊன்றி எழுந்தபோது மேஜை லேசாக ஆடியது. இதுவும் ஆட ஆரம்பித்துவிட்டதா என்று சலித்துக்கொண்டார். மறுநாள் கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்து அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் காலரைச் சரி செய்து அவர் பார்த்ததில்லை. அதைக்கூட யோசிக்க அன்றைக்கு அவருக்கு மனசில் இடம் இல்லை.

கூட்டத்தில் அன்று பதினோரு பேர். குமாஸ்தா புதிதாக ஒரு கதை வைத்திருந்தார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு வாஷர்க்காரர் சிரித்தார். ஒருத்தர் ஐந்து வருஷ பரிசோதனை முடிந்து நல்லபடியாக வந்திருப்பதாகச் சொன்னார். கைதட்டினார்கள். வாஷர்க்காரரும் தட்டினார். தட்டும்போது இடது கை வயிற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டார். ஐந்து வருஷம், ஐந்து வருஷம் என்று உள்ளே ஒன்று முனகியது. தனக்கு ஐந்து வாரம்கூட முழுதாகக் கிடைக்கவில்லையே என்று கணக்குப் போட்டார்.

எல்லோரும் படியிறங்கும் நேரத்தில் கண்டக்டரம்மா கூப்பிட்டாள். "அண்ணே, நீங்க கொஞ்சம் இருங்க."

உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். ஒரு திரை, ஒரு குழாய், சுவரில் ஒரு கண்ணாடி. கீழ்க்கடைக்காரர் சும்மா கொடுத்த கண்ணாடி அது. சங்கத்தில் அதை முகத்துக்கு நேராக மாட்டாமல் வயிற்றுக்கு நேராக மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் நின்றால் முகம் தெரியாது.

"சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே."

"எதுக்கும்மா? எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்கிறதைத்தான் பார்க்கப்போறேன்."

"நேரமாச்சும்மா, வீட்ல தேடுவாங்க."

அவள் திரையை இழுத்துவிட்டாள். "அண்ணே, பஸ்ல டிக்கெட் எடுக்காதவன் எப்படி நிப்பான்னு ஒன்பது வருஷமா பார்க்கிறேன். மேல பார்ப்பான், வெளிய பார்ப்பான், என்னை மட்டும் பார்க்கமாட்டான். இன்னிக்குப் பூரா நீங்க அப்படித்தான் உக்காந்திருந்தீங்க."

வாஷர்க்காரர் கண்ணாடியைப் பார்த்தார். அதில் பொத்தான் போட்ட ஒரு சட்டை மட்டும் நின்றுகொண்டிருந்தது. அந்தச் சட்டையிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

"ரத்தம் வருது" என்றார். "திரும்ப வந்துடுச்சும்மா."

வேறு யாராவது இருந்தால், "சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது" என்றிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. "எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"பதினெட்டு நாளா."

"வீட்ல சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் கையைக் கழுவி உறை மாட்டிக்கொண்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, தட்டின் ஓரத்தை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். எரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். துடைத்து முடித்ததும், "இப்ப கண்ணாடியைப் பாருங்க" என்றாள்.

அவர் வீட்டில் எப்போதும் மேலிருந்து குனிந்துதான் பார்த்திருந்தார். நேராகப் பார்ப்பது இதுதான் முதல் முறை. நடுவில் 'முதலாளி', அவர் நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக. அதைச் சுற்றிப் பச்சைப் புண்ணாக ஒரு சிவப்பு வளையம். அதற்கு வெளியே நல்ல தோல். அந்தச் சிவப்பு வளையத்தின் வெளி ஓரம் துளிக்கூடக் கோணாமல், பிசிறில்லாமல், அச்சில் வெட்டிய வட்டமாக இருந்தது.

அந்த வட்டத்தை அவருக்குத் தெரியும். தன் கை வேலையை அவர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

கண்டக்டரம்மா ஒரு அளவு அட்டையை எடுத்து வைத்தாள். முப்பத்தெட்டு ஓட்டை தொளதொளவென்று நின்றது. முப்பத்தாறு, முப்பத்து நான்கு, முப்பத்திரண்டு. முப்பதில் வந்து சரியாக உட்கார்ந்தது.

"என்னம்மா இது?" என்றார். "நான் அளந்தேனே. முப்பத்தாறு. நல்லா அளந்தேன்."

"நல்லாத்தான் அளந்திருப்பீங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் வீக்கமா இருக்கும்ணே. ரெண்டு மாசத்துக்கு வத்திக்கிட்டே வரும். ஓட்டை பெருசா இருந்தா சுத்தியிருக்கிற தோல்ல அசிங்கம் பட்டுப் பட்டுப் புண்ணாயிடும். அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் அளக்கச் சொன்னேன். எத்தனை வெட்டி வெச்சீங்க?"

"முப்பது."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "கைவேலை தெரிஞ்சவங்க எல்லாரும் இதைப் பண்ணுவாங்க. போன வருஷம் ஒரு தையல்காரர் பண்ணார். அவர் இருபது. இதுவரைக்கும் நீங்கதான் ஜாஸ்தி."

வாஷர்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் பம்புக்கு வெட்டும் வளையம் அரை மில்லிமீட்டர் தப்பினால் தூக்கி எறிகிறவர், சொந்த வயிற்றில் எட்டு மில்லிமீட்டர் தப்பு வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் செத்துப் பிழைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் வேறொன்று எழும்பி வந்தது. அதை நம்பவும் பயமாக இருந்தது.

"அப்போ திரும்ப வரலையா?"

"அதை நான் சொல்லக்கூடாதுண்ணே. நான் டாக்டர் இல்ல, கண்டக்டர்." அங்கேயே நின்று நர்ஸுக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக வரச் சொன்னாள் நர்ஸ். கண்டக்டரம்மா புதிய தட்டு ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலால் ஓட்டை வெட்டினாள். ஒரு பக்கம் நெளிந்து, ஒரு பக்கம் நீண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. எரிச்சல் பாதி குறைந்தது.

"திங்கட்கிழமைக்குள்ள வீட்ல சொல்லிடுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்தார். தட்டிலிருந்து தொடங்கலாம், தட்டு சின்ன விஷயம். ஆனால் தட்டைச் சொன்னால் எத்தனை நாள் என்று கேட்பாள். கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். வழி விடவில்லை.

"பதினெட்டு நாளா ரத்தம் வருது" என்றார். ஒத்திகை எல்லாம் போய்விட்டது. "உன்கிட்ட மறைச்சுட்டேன்."

"தெரியும்" என்றாள்.

அவள் சலவைக் கடையில் கறை எடுக்கிற வேலை பார்க்கிறவள். ஊரார் துணியில் மையா, மருந்தா, ரத்தமா என்று முகர்ந்து பார்க்காமலே சொல்லிவிடுவாள். அலமாரியிலிருந்து நான்கு பனியன்களை எடுத்துவந்து மேஜையில் போட்டாள். எல்லாவற்றிலும் இடப்பக்கம் வெளிறிய பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது.

"ரத்தக் கறையை யாராவது கொதிக்கிற தண்ணியில போடுவாங்களா? அப்படியே பதிஞ்சிடும். பச்சைத் தண்ணிதான் போடணும்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அதுவும் இருபத்தாறு வருஷமா ஒரு கர்ச்சீப்கூடத் துவைக்காத மனுஷன், நாலு பனியனைத் துவைச்சு மடிச்சு வெச்சா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

அவள் ஒரு பனியனை எடுத்து மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுவீங்க. நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா நான் நம்பிடுவேன். போன தடவை ரெண்டு வாட்டி கேட்டேன், ரெண்டு வாட்டியும் நம்பினேன். எட்டு மாசம் போச்சு. இந்தத் தடவை என்னை நானே நம்பல."

வாஷர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் கையை ஊன்றினார். மேஜை ஆடியது. குனிந்து பார்த்தார். காலுக்கு அடியில் அட்டை இல்லை.

"வியாழக்கிழமை எடுத்தேன்" என்றாள் மனைவி. "அதுக்குப் பின்னாடிதான் சங்கத்து நம்பர் போட்டிருக்கு. அந்தக் கண்டக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரரை எப்படியாவது இங்க அனுப்பிவைங்க, மத்ததை நான் பார்த்துக்கிறேன்னு சொன்னாங்க."

டிக்கெட் எடுக்காதவன், நிற்கிற விதம், ஒன்பது வருஷ அனுபவம்! வாஷர்க்காரருக்கு இரண்டு பெண்கள் சேர்ந்து தன்னைக் காலரைப் பிடித்து இழுத்து வந்திருப்பது இப்போதுதான் புரிந்தது. கோபம் வரும் என்று பார்த்தார். அழுகைதான் வந்தது. மனைவியும் அழுதாள். இத்தனை நாள் ஆளுக்கொரு அறையில் தனித்தனியாக அழுததை அன்று ஒரே மேஜையில் உட்கார்ந்து அழுதார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நகரவே இல்லை. திங்கட்கிழமை நர்ஸ் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தாள். மனைவி பக்கத்து நாற்காலியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ரத்தம் தோல் புண்ணிலேர்ந்துதான் வருது" என்றாள் நர்ஸ். ஆறு நாள் மருந்துப் பொடி தூவி, சரியான அளவுத் தட்டு வைத்ததும் புண் ஆறிவிட்டது. பிறகு டாக்டர் எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, "இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை வாஷர்க்காரர் வீடுவரை சுமந்துகொண்டு போனார். சங்கத்தில் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோரும் மூன்று மூன்று மாதமாகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். "என் வக்கீலுக்கு இது ஒன்பதாவது வாய்தா" என்றார் குமாஸ்தா.

வெட்டிய தட்டில் பதினேழு மிச்சம் இருந்தது. தூக்கிப் போட மனசு வராமல் சங்கத்து அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். ஒரு மாதம் கழித்துக் கண்டக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஆஸ்பத்திரியில முப்பத்தாறு வந்திருக்கு. கூட வர்றீங்களா?"

முப்பத்தாறு என்பது ஒரு பெயின்டர். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வெள்ளையடிக்கிறவர். ஆபரேஷன் முடிந்து எட்டு நாளாகிறது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். இன்னும் ஒரு தடவைகூடத் தன் வயிற்றைப் பார்க்கவில்லை என்றாள் அவர் மனைவி. நர்ஸ் அளந்தாள், முப்பத்தாறேதான். வாஷர்க்காரர் தன் தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது அந்த வயிற்றில் சுற்றிலும் ஒரே சீராகப் போய் உட்கார்ந்தது. பட்டறையில் எவ்வளவோ வெட்டியிருக்கிறார், எதைப் பார்த்தும் இப்படிக் கண் கலங்கியதில்லை.

மேஜையில் மூன்று தட்டை எடுத்து வைத்தார். பெயின்டரின் மனைவி வாஷர்க்காரர் கொண்டுவந்த பையையே பார்த்தாள். "உள்ள இன்னும் நிறைய இருக்கே சார். எல்லாத்தையும் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்."

"மூணு போதும்மா. அதுக்கு மேல இது பொருந்தாது. தொளதொளன்னு ஆயிடும்."

"தட்டு பெருசாயிடுமா?"

"தட்டு பெருசாகாது. இவருக்கு ஆறிக்கிட்டே வரும், சின்னதாகும். அப்போ புதுசா அளந்து வெட்டணும். ஒவ்வொரு தடவையும் அளக்கணும்." அளவு அட்டையை அவள் கையில் கொடுத்தார். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கட்டிலைப் பார்த்துச் சொன்னார். "ஒருவேளை ரத்தம் பார்த்தீங்கன்னா பயமாத்தான் இருக்கும். அன்னிக்கே வீட்ல சொல்லிடுங்க. சங்கத்துக்கும் ஒரு போன் போட்டுடுங்க."

சுவர்ப் பக்கமிருந்து முதல் முறையாகக் குரல் வந்தது. "உங்களுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"சொன்னீங்களா?"

"இல்ல" என்றார் வாஷர்க்காரர். "பனியனைத் துவைச்சேன்."

பெயின்டர் மெதுவாகத் திரும்பிப் படுத்து அவரைப் பார்த்தார். பிறகு தலையணையில் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து, குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.